இரு சக்கரமா, நான்கு சக்கரமா?
பெட்ரோல் செலவின் உண்மைக் கணக்கு

மோட்டார் வாகனம் என்பது ஒரு காலத்தில் ஜமீன்தார்களுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்குமே உரிய ஆடம்பரப் பொருளாக இருந்தது. இன்று அந்நிலைமை அடியோடு மாறிவிட்டது. பால்காரரும், கொத்தனாரும், காய்கறி வியாபாரியும், பள்ளிக்கூட ஆசிரியரும் மோட்டார் சைக்கிள் இன்றி ஜீவனம் நடத்த இயலாத காலம் இது. சற்றே வசதி கண்ட குடும்பஸ்தர்களோ, சிறிய கார் ஒன்று வாங்கலாமா என்று யோசனை செய்கிறார்கள். காரில் நால்வர் போகலாம், ஆகையால் அதுவே சிக்கனம் என்பார் ஒரு சாரார். கார் வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமானம் என்பார் மற்றொரு சாரார். இவ்விவாதம் அபிப்பிராயங்களால் தீராது, கணக்கினால்தான் தீரும். நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து விலைக்கு வாங்குவதால், இது வீட்டுக் கணக்கு மாத்திரமல்ல, தேசக் கணக்குமாகும்.

பெட்ரோல் கணக்கு

100 சி.சி. யந்திரம் பொருத்திய சாதாரண மோட்டார் சைக்கிள், நிதானமாக ஓட்டினால், லிட்டருக்குச் சுமார் 60 கிலோ மீட்டர் ஓடும். சிறிய கார் ஒன்று நகரத்து நெரிசலில் சுமார் 15 கிலோ மீட்டரும், தடையில்லாத நெடுஞ்சாலையில் 20 கிலோ மீட்டரும் ஓடும். விளம்பரங்கள் இவற்றினும் கூடுதலாகவே சொல்லும். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஒருவர் நாளொன்றுக்கு 30 கிலோ மீட்டர் வீதம், வருஷத்தில் 300 நாட்கள் பிரயாணம் செய்வதாகக் கொள்வோம். மொத்தம் 9,000 கிலோ மீட்டர். பெட்ரோல் லிட்டர் ரூ. 100 என்று வைத்துக்கொண்டால், மோட்டார் சைக்கிளுக்கு 150 லிட்டர், ரூ. 15,000, காருக்கு 600 லிட்டர், ரூ. 60,000. அதாவது நான்கு மடங்கு.

இந்த வித்தியாசத்தின் காரணம் விளங்காததன்று. மோட்டார் சைக்கிளின் எடை சுமார் 110 கிலோ. சிறிய காரின் எடையோ சுமார் 800 கிலோ. 65 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் தனியே காரில் போகும்பொழுது, யந்திரம் இழுக்கும் பாரத்தில் அவருடைய பங்கு பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் இரும்பைச் சுமக்கும் செலவே.

எனினும், மோட்டார் சைக்கிள் என்றாலே சிக்கனம் என்று எண்ணிவிடலாகாது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காரைப்போல் காற்றைப் பிளந்து செல்லும் வடிவம் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஓட்டுபவரின் மார்பே காற்றை எதிர்த்து நிற்கிறது. ஆகவே 40 கிலோ மீட்டர் வேகத்தில் கிட்டும் லாபத்தில் பெரும்பகுதி 80 கிலோ மீட்டர் வேகத்தில் கரைந்து போகும். 350 சி.சி. வண்டி லிட்டருக்குச் சுமார் 35 கிலோ மீட்டர்தான் தரும். 650 சி.சி. வண்டியோ 25 கிலோ மீட்டர் அளவுக்கு இறங்கிச் சிறிய காரின் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

ஓடாவிட்டாலும் ஆகும் செலவு

பெட்ரோல் செலவு கண்ணுக்குத் தெரியும் செலவு. வண்டி கொட்டகையில் நின்றாலும் ஆகும் செலவு ஒன்று உண்டு. அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரூ. 80,000-க்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பத்து வருஷம் கழித்து ரூ. 20,000-க்கு விற்றால், தேய்மானம் வருஷத்துக்கு ரூ. 6,000. ரூ. 5,50,000-க்கு வாங்கிய காரை அதேபோல் ரூ. 1,50,000-க்கு விற்றால், வருஷத்துக்கு ரூ. 40,000. டயர், எண்ணெய், பாட்டரி, பழுது ஆகியவற்றுக்கு முன்னதற்கு ரூ. 5,000-மும் பின்னதற்கு ரூ. 15,000-மும் வைப்போம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணம் 2022-ல் சர்க்கார் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ரூ. 714, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ரூ. 2,094. எல்லாம் கூட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிலோ மீட்டருக்குச் சுமார் ரூ. 3, காருக்கு ரூ. 13. கடன் வாங்கியிருந்தால் வட்டி வேறு.

நால்வர் காரில் சென்றாலும் தலைக்கு ரூ. 3.25 ஆகிறது. மோட்டார் சைக்கிளில் இருவர் சென்றால் தலைக்கு ரூ. 1.50 தான். ஆகையால், சிக்கனத்துக்காகக் கார் வாங்குகிறேன் என்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். ஆனால் முன்னமே கார் வைத்திருப்பவர், குடும்பத்தார் நால்வருடன் வெளியூர் செல்லும்பொழுது, பெட்ரோலுக்கு மட்டும் தலைக்கு ரூ. 1.25 ஆகும். அந்தப் பிரயாணத்துக்குக் காரே மேல்.

ஐந்தொகையில் ஏறாத செலவு

இவ்வளவும் ரூபாய்க் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். மழையும் வெயிலும் பொறுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குச் சோறு போடுபவரை இழந்தால் அந்நஷ்டத்தை எந்தச் சிக்கனம் ஈடு செய்யும்? தலைக்கவசம் வாங்கும் பணத்தை மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று, அறிவீனம்.

வரி யார் தலையில்?

தேச நலனில் கருத்துள்ளவர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. பெட்ரோல் பணக்காரர் உபயோகிக்கும் பொருள், அதன் மீது எவ்வளவு வரி போட்டாலும் தகும் என்ற எண்ணம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. 2014-ல் வெளியான சர்க்கார் ஆய்வு ஒன்று அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. சில்லறையில் விற்ற பெட்ரோலில் நூற்றுக்கு 61 பங்கு இரு சக்கர வாகனங்களுக்கே போயிற்று. கார்களுக்குப் போனது 34 பங்குதான். லிட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி, பத்து லட்ச ரூபாய்க் காரில் போகிறவரிடமும், பழைய மொபெட்டில் மீன் கூடை கட்டிப் போகிறவரிடமும் ஒரே அளவாக வசூலாகிறது. 2020 மே மாதத்தில் மத்திய எக்சைஸ் வரி லிட்டருக்கு ரூ. 32.98 ஆக உயர்ந்தபொழுது, ஊரடங்கினால் கூலியிழந்தவரும் அதையே கொடுத்தார். வரி பின்னர் 2021-லும் 2022-லும் குறைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்கார் லிட்டருக்கு ரூ. 3 குறைத்தபொழுது, மாகாணத்தில் 2.63 கோடி இரு சக்கர வாகனங்கள் இருப்பதையும், அவை உழைக்கும் ஏழைகளின் வாகனம் என்பதையும் பட்ஜெட் உரை காரணமாகக் காட்டியது. நியாயமான காரணமே.

மறந்துபோன மூன்றாவது வண்டி

கடைசியாக ஒன்று. ஒரு லிட்டர் எண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஒருவரை 60 கிலோ மீட்டர் கொண்டு செல்கிறது. நகரத்தில் நால்வருடன் செல்லும் காரும் தலைக் கணக்கில் அதே 60-ஐத்தான் எட்டுகிறது. 50 பேருடன் செல்லும் பஸ்ஸோ, லிட்டருக்கு 4 கிலோ மீட்டரே ஓடினாலும், தலைக் கணக்கில் 200-ஐ எட்டிவிடுகிறது. பஸ் நேரத்துக்கு வராத ஊரில்தான் கூலிக்காரர் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அதன் பெட்ரோலுக்கு வரியும் கொடுக்கிறார். ஆகவே இரு சக்கரமா, நான்கு சக்கரமா என்பது குடும்பஸ்தர் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. அவரை அக்கேள்விக்குத் துரத்தாதபடி போதிய பஸ்களை ஓட்டுவது சர்க்காரின் கடமை. பெட்ரோல் வரியில் எத்தனை ரூபாய் பஸ்களுக்குத் திரும்பி வருகிறது என்ற கேள்வியைப் பொதுஜன ஊழியர்கள் ஒவ்வொரு பட்ஜெட்டின் போதும் விடாமல் எழுப்ப வேண்டும்.