திருவிருந்தில் தொடங்கிய பிரிவினை

தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் கொள்கை அரசியல்வாதிகளின் படைப்பு என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் அது அரசின் கொள்கையாயிற்று என்பது மெய்யே. ஆயினும் அதன் வேர்களில் ஒன்று திருச்சபைக்குள்ளே, அதுவும் திருவிருந்துப் பந்தியருகே, இருந்தது என்பதை இறைப்பணியாளர் அறிந்திருத்தல் நலம்.

1829இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபைப் பேரவை, நிறமும் பிறப்பும் பாராமல் அங்கத்தினர் யாவருக்கும் திருவிருந்து வழங்கப்படவேண்டும் எனத் தீர்மானித்தது. ஆனால் வெள்ளையரில் பலர், பிற இனச் சகோதரருடன் ஒரே பந்தியில் அமர மனமற்றிருந்தனர். 1857இல் கூடிய பேரவை, யாவரும் ஒரே சபையில் சேர்ந்திருப்பதே வேதத்துக்கு இசைந்தது என முதலில் ஒப்புக்கொண்டது. எனினும், சிலருடைய பலவீனத்தினால் அது நற்செய்திப் பணிக்குத் தடையாகும் இடங்களில், புதிய விசுவாசிகள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம் என இடங்கொடுத்தது. விதிவிலக்காக நுழைந்தது வழக்கமாயிற்று. 1881இல் அவர்களுக்கெனத் தனி மிஷன் சபையே அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்துக்கு வேத ஆதாரமும் தேடப்பட்டது. பாபேல் கோபுர வரலாறு இனங்களின் பிரிவுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

பலவீனரைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது யாது? பலமுள்ளவன் தன் சகோதரன் இடறாதபடி தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதே. 1857இல் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பலவீனர் எனப்பட்டோர் அதிகாரமுடையோர். இடத்தை இழந்தோரோ அதிகாரமற்றோர். அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரின் பந்தியைவிட்டு விலகியபோது பவுல் அதைப் பழக்கவழக்கச் சிக்கலாகக் கருதவில்லை. நற்செய்தியின் சத்தியத்துக்கே மாறானது எனக் கண்டித்தார்.

ஏறக்குறைய 125 ஆண்டுகளுக்குப்பின் அக்கண்டனம் மீண்டும் ஒலித்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, இனஒதுக்கல் பாவம் எனவும், அதற்கு இறையியல் நியாயம் கற்பிப்பது கள்ளப்போதகம் எனவும் அறிவித்தது. அதே ஆண்டில், முன்னர் பிரித்துவைக்கப்பட்ட அந்த மிஷன் சபையே கேப்டவுன் அருகிலுள்ள பெல்ஹாரில் கூடி, ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. திருச்சபையின் ஒருமை, ஒப்புரவாகுதல், தேவனுடைய நீதி ஆகியவையே அதன் முப்பெரும் பொருள்கள். அதனுடன் இணைந்த கடிதம், அறிக்கை எந்த மனிதருக்கும் எதிரானதன்று, பொய்ப்போதனைக்கே எதிரானது என்றும், அறிக்கையிடுவோரும் குற்றமற்றவரல்லர் என்றும் கூறுகிறது. 1994 ஏப்ரலில் இச்சபையும் டச்சு சீர்திருத்த மரபின் கறுப்பினச் சபையும் இணைந்து ஒரே ஐக்கிய சபையாயின. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலும் அம்மாதத்திலேயே நடந்தது. வெள்ளையரின் சபை அவ்விணைப்பில் அப்பொழுது சேரவில்லை.

1857இல் வாக்களித்தவர்கள் ஒரு கொடிய ஆட்சிமுறைக்கு வித்திடுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். சபையின் சமாதானத்தைக் காப்பதாகவே எண்ணியிருக்கலாம். ஆகவே, சமாதானத்தின் பெயரால் நாம் இணங்கும் ஒவ்வொரு ஏற்பாட்டிலும், பந்தியைவிட்டு எழுந்துபோகும்படி கேட்கப்படுகிறவர் யார் என்று ஆராய்வது ஆயரின் கடமையாகும்.