ஆறாம் நம்பர் சேனல் ஏன் தோற்பதே இல்லை?

2006-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வேலைக்குப் போன முதல் வாரம். ஸ்கூல்கில் எக்ஸ்பிரஸ்வேயில் வண்டிகள் நகரவே இல்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்த சக ஊழியர், உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ரேடியோவை எஃப்.எம்.மின் இடது ஓரத்துக்குத் தள்ளினார். 87.7. பாட்டு வரும் என்று பார்த்தால் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த ரேடியோ?" என்று கேட்டேன்.

"ரேடியோ இல்லை, டிவி. ஆறாம் நம்பர் சேனல். நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியலைன்னா இப்படித்தான் கேட்போம். எங்க அப்பாவும் இப்படித்தான்."

டிவி எப்படி கார் ரேடியோவில் கேட்கும் என்று அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பழைய அனலாக் ஒளிபரப்பில் ஆறாம் சேனலுக்கு ஒதுக்கிய அலைவரிசை 82-லிருந்து 88 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் ஒலி போகும் இடம் 87.75. எஃப்.எம். ரேடியோ தொடங்குவது 88-ல். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் ரேடியோவை ஓரத்துக்குத் தள்ளினால் டிவியின் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் என் மனதில் நின்றது "எங்க அப்பாவும்" என்ற அந்த வார்த்தை. டபிள்யூ.பி.வி.ஐ என்கிற அந்த ஆறாம் சேனலின் 'ஆக்‌ஷன் நியூஸ்' 1970-களில் பிடித்த முதலிடத்தை இன்றுவரை பெரும்பாலும் விடவே இல்லை. மூன்று பெரிய சேனல்கள் ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய அதே செய்திகளைத்தான் தருகின்றன. அப்படியிருக்க ஒன்று மட்டும் அரை நூற்றாண்டு ஜெயித்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் இல்லையா? அவ்வப்போது எடுத்து வைத்த குறிப்புகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1970-ல் இந்தச் சேனலின் பெயர் டபிள்யூ.எஃப்.ஐ.எல். 'டிவி கைடு' பத்திரிகையை நடத்திய வால்டர் ஆனன்பெர்க்கின் நிறுவனத்துக்குச் சொந்தம். 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற புகழ்பெற்ற இசை நிகழ்ச்சி பிறந்ததும் இங்கேதான். ஆனால் செய்தியில் மூன்றாம் இடம். பத்தாம் சேனலில் ஜான் ஃபசெண்டா இருந்தார். 1948-லிருந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்த கம்பீரக் குரல்காரர். மூன்றாம் சேனலில் 'ஐவிட்னஸ் நியூஸ்'. 1965-ல் ஆல் பிரிமோ அங்கே அறிமுகம் செய்த பாணி இது. நிருபர்களே கேமரா முன் வந்து தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள். பின்னால் நாடு முழுக்கப் பரவிய பாணி.

மூன்றாம் இடத்தில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, இழக்க எதுவும் இல்லை. செய்தி இயக்குநர் மெல் கம்ப்மன் 1970-ல் 'ஆக்‌ஷன் நியூஸ்' என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு சேனல் கேபிடல் சிட்டீஸ் நிறுவனத்துக்குக் கைமாறி, டபிள்யூ.பி.வி.ஐ என்று பெயரும் மாறியது. கடைசி இரண்டு எழுத்தும் ரோமன் எண்ணில் ஆறு. சில வருடங்களில் முதலிடம்.

இனி வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காரணம் 1: செய்தி வாசிப்பவர்

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் பதில் "ஜிம் கார்ட்னர்". 1977-லிருந்து 2022 டிசம்பர் 21 வரை அவர்தான் சேனலின் முகம். அப்பா பார்த்த முகத்தையே பிள்ளையும் பேரனும் பார்த்தார்கள்.

ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சேனலை முதலிடத்துக்குக் கொண்டுபோனபோது வாசித்தவர் கார்ட்னர் இல்லை, லாரி கேன். பீட்டில்ஸ் 1964-ல் அமெரிக்காவைச் சுற்றியபோது கூடவே பயணம் செய்த இளம் நிருபர் அவர்தான். 1977-ல் கேன் நியூயார்க் போய்விட்டார். முகம்தான் காரணம் என்றால் அன்றே சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. அதைவிட சுவாரசியம், கேன் பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கே திரும்பி வந்து பத்தாம் சேனலில் வாசித்தார், அதற்குப் பிறகு மூன்றாம் சேனலிலும் வாசித்தார். அதே ஆள், அதே ஊர், சேனல் மட்டும் வேறு. இதைவிட நல்ல பரிசோதனையை நாமே திட்டமிட்டாலும் நடத்த முடியாது. ஆறாம் சேனலை அவரால் அசைக்க முடியவில்லை.

ஆக, முகம் முக்கியம்தான். ஆனால் கார்ட்னர் முதலிடத்தை உருவாக்கவில்லை, காப்பாற்றினார். இரண்டும் வேறு வேறு வேலை.

காரணம் 2: முன்னால் ஓடும் நிகழ்ச்சி

சீரியல் முடிந்ததும் சேனலை மாற்றாமல் அப்படியே செய்தியும் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ஆறாம் சேனலில் மாலை 4 மணிக்கு ஓப்ரா வின்ஃப்ரே வருவார், தொடர்ந்து செய்தி. பலமான ஜோடி, சந்தேகமே இல்லை.

ஆனால் தேதியைப் பாருங்கள். ஓப்ராவின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது 1986 செப்டம்பரில். ஆக்‌ஷன் நியூஸ் அதற்குப் பத்து வருடம் முன்பே முதலிடத்தில் இருந்தது. ஏ.பி.சி. நெட்வொர்க் 70-களின் நடுவில் எழுந்தது உதவியிருக்கும். ஆனால் 90-களில் என்.பி.சி. கை ஓங்கி ஏ.பி.சி. இறங்கியபோது இந்தச் சேனலும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. எனவே இதுவும் துணைக் காரணம்தான்.

காரணம் 3: வடிவம்

ஐவிட்னஸ் நியூஸின் பலம் அரட்டை. நிருபர் ஸ்டுடியோவுக்கு வந்து வாசிப்பவரோடு பேசுவார். கம்ப்மன் நேர் எதிர்த்திசையில் போனார். ஒவ்வொரு செய்தியும் சுருக்கம், நிருபரின் தொகுப்புக்கும் கறாரான நேர வரம்பு. அரை மணி நேரத்தில் எத்தனை செய்தி சொல்ல முடியுமோ அத்தனையும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஃபிலடெல்ஃபியா டிவி சந்தை என்பது ஒரு நகரம் மட்டும் இல்லை, மூன்று மாநிலம். பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி, நியூஜெர்சியின் தென் பாதி, டெலவேர் மாநிலத்தின் பெரும்பகுதி. டெலவேரின் வில்மிங்டன் நகருக்கென்று உரிமம் பெற்ற பன்னிரண்டாம் சேனல்கூட நடைமுறையில் ஃபிலடெல்ஃபியாவின் பொதுத் தொலைக்காட்சிதான். தென் ஜெர்சிக்காரருக்கும் டெலவேர்க்காரருக்கும் தங்கள் ஊர்ப் பெயர் டிவியில் வர வேண்டுமென்றால் ஃபிலடெல்ஃபியா சேனல்தான் கதி.

இப்போது கணக்குப் போடுங்கள். அரை மணி நேரச் செய்தியில் விளம்பரம், வானிலை, விளையாட்டு போக மிஞ்சுவது கொஞ்சம். அதில் ஐந்து நீளமான செய்தி சொன்னால் ஐந்து ஊர். பதினைந்து சின்னச் செய்தி சொன்னால் பதினைந்து ஊர். ஆழம் குறையும். ஆனால் "நம்ம ஊரைச் சொன்னாங்க" என்று நிமிர்ந்து உட்காரும் வீடுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு. ஆரம்ப வெற்றிக்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் முடிவு.

காரணம் 4: எதையும் மாற்றாமல் இருந்தது

ஜெயித்தது வடிவத்தால் என்றால் போட்டியாளர்கள் அதைக் காப்பி அடித்திருக்கலாமே? அடித்தார்கள். வேகமான செய்தி இன்று எல்லாச் சேனலிலும் இருக்கிறது. அப்படியும் வித்தியாசம் ஏன் நீடிக்கிறது?

இந்த இடத்தில் ஆறாம் சேனலை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாம் சேனலின் நட்சத்திரம் ஜெசிக்கா சாவிட்ச் 1977-ல் என்.பி.சி. தேசியச் செய்திக்குப் போனார். லாரி கேன் கிளம்பியதும் அதே வருடம்தான். இரண்டு சேனலுக்கும் ஒரே மாதிரி அடி, எழுந்து நின்றது ஒன்று. 90-களில் மூன்றாம் சேனல் 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற பெயரையே கொஞ்ச காலம் கைவிட்டுவிட்டுப் பிறகு திரும்பக் கொண்டுவந்தது. 1995 செப்டம்பரில் இன்னொரு குழப்பம். மூன்றும் பத்தும் நெட்வொர்க்கை மாற்றிக்கொண்டன. என்.பி.சி.யாக இருந்த மூன்று சி.பி.எஸ். ஆனது, சி.பி.எஸ். ஆக இருந்த பத்து என்.பி.சி. ஆனது. பார்வையாளர் பழகிய நாடகம் வேறு எண்ணுக்குப் போய்விட்டது. ஆறில் எல்லாம் அப்படியே இருந்தது.

ஆறாம் சேனலும் ஒருமுறை மாற்றிப் பார்த்தது. 1972 முதல் ஒலிக்கும் அதன் தொடக்க இசையை 1996-ல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து ஒளிபரப்பினார்கள். மெட்டு அதேதான், தரம் நிச்சயம் கூடியிருக்கும். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். சில நாட்களிலேயே பழைய பதிவு திரும்ப வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கணக்கு எழுதுபவர்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திரையை ஆறு மாதம் உழைத்து அழகாக்கினோம். வெளியிட்ட அன்றே ஒரு அம்மா போன் செய்து, "என் கை தானா போற இடத்துல இப்ப எதுவும் இல்லையேப்பா" என்றார். இரண்டே வாரத்தில் பழைய திரையைத் திருப்பிக் கொடுத்தோம். கெட்டிக்காரத்தனம் நம் பக்கம் இருக்கலாம், பழக்கம் அவர்கள் பக்கம்.

பழக்கத்துக்கு ஒரு கணக்கு லாபமும் உண்டு. மீட்டர் கருவிகள் பரவும் முன், யார் எதைப் பார்த்தார்கள் என்பதை நீல்சன் நிறுவனம் வீட்டுக்காரர்களையே டைரியில் எழுதச் சொல்லித்தான் கணக்கெடுத்தது. ராத்திரி பார்த்ததை மறுநாள் நினைவுபடுத்தி எழுதும்போது எந்தப் பெயர் முதலில் ஞாபகம் வரும்? மாறாத பெயர்தான்.

தொழில்நுட்பம் சோதித்த நாள்

2009 ஜூன் 12-ல் அமெரிக்கா முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்றது. 87.7-ல் சத்தமும் நின்றது. டபிள்யூ.பி.வி.ஐ டிஜிட்டலிலும் அதே ஆறாம் அலைவரிசையில் தங்கியது. அந்தக் கீழ் வரிசை அலையைப் பிடிக்க நீளமான ஆன்டெனா வேண்டும். புதிதாக வந்த குட்டி ஆன்டெனாக்களில் படம் வரவில்லை. நிறைய வீடுகளில் முதலிடச் சேனலே காணாமல் போய், பிறகு ஒளிபரப்புச் சக்தியைக் கூட்ட அனுமதி வாங்கினார்கள். படமே வராத சேனலை ஜனங்கள் கைவிட்டிருக்கலாம். விடவில்லை.

2011-ல் காம்காஸ்ட் நிறுவனம் என்.பி.சி.யை வாங்கியது. அதோடு பத்தாம் சேனலும் வந்தது. காம்காஸ்ட்டின் தலைமையகமே ஃபிலடெல்ஃபியாதான். சொந்த ஊரின் மிகப் பெரிய கம்பெனி பின்னால் நின்றும் ஆறு ஆறாகவே இருந்தது.

இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு

இதோடு நிறுத்தினால் இது விளம்பரக் கட்டுரை ஆகிவிடும். அரை மணியில் நிறையச் செய்தி வேண்டும், ஒவ்வொன்றும் சுருக்கமாக இருக்க வேண்டும், படமும் வேண்டும். இந்த மூன்று நிபந்தனைக்கும் கச்சிதமாகப் பொருந்துவது எது? குற்றச் செய்தி. போலீஸ் ஸ்கேனரில் கேட்டு, கேமராவோடு போய், மஞ்சள் நாடாவைப் படம் பிடித்து வந்தால் போதும். அந்தத் தெருவில் வேலை ஏன் இல்லை, பள்ளிக்கூடம் ஏன் மூடப்பட்டது என்பதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் அடங்காது. 2022-ல் 'ஃபிலடெல்ஃபியா இன்கொயரர்' நாளிதழ் இதைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. இந்த ஊரில் பிறந்த ஐவிட்னஸ், ஆக்‌ஷன் இரண்டு வடிவங்களும் நாடு முழுக்கப் பரவி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைக் குற்றத்தோடு மட்டுமே சேர்த்துப் பார்க்க எப்படிப் பழக்கின என்பதுதான் அதன் விஷயம்.

எனக்கு அது யாரோ எழுதிய ஆய்வு மாதிரி தெரியவில்லை. 2006-ல் ஆபீசுக்குப் பக்கத்தில், மேற்கு ஃபிலடெல்ஃபியாவில், குறைந்த வாடகையில் ஒரு வீடு கிடைத்தது. வேண்டாம் என்றேன். தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டும் தூரத்தில் புறநகரில் குடியேறினேன். மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் எனக்கு ஒருவரையும் தெரியாது, அங்கே ஒரு டீகூடக் குடித்ததில்லை. ராத்திரிச் செய்திகளை மாற்றி மாற்றிப் பார்த்து நானே கட்டிக்கொண்ட பயம் அது. மூன்று வருடம் கழித்து ஒரு நண்பர் அங்கே சாப்பிடக் கூட்டிப்போனார். மரங்கள் நிறைந்த தெரு, திண்ணை மாதிரி முன்வராந்தாக்கள், அதில் உட்கார்ந்து போகிற வருகிறவரை விசாரிக்கும் பெரியவர்கள். நான் வேண்டாம் என்று சொன்ன வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

என் முடிவு இதுதான். வடிவம் ஆறாம் சேனலை முதலிடத்துக்கு ஏற்றியது, மாறாத தன்மை அங்கேயே உட்கார வைத்தது, போட்டியாளர்களின் அவசரம் அதற்குக் காவல் காத்தது. கார்ட்னர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த இசையும் பெயரும் தொடர்கின்றன. ஒரு செய்தி நிகழ்ச்சி மூன்று தலைமுறைக்குப் பழக்கமாவது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் அப்படிப் பழகிவிட்ட ஒன்றை நாம் சரிபார்ப்பதில்லை. நானும் மூன்று வருடம் சரிபார்க்கவில்லை.