குழந்தையின் முதல் சுவை நம் வயலிலிருந்தே வரட்டும்

சேலம் மாவட்டம் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சேர்வராயன் மலைப்பகுதியில் சாமையும் கேழ்வரகும் பழம்பயிர்கள். விளைந்த கேழ்வரகைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கைக்குழந்தைக்குக் கடை பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுப்பது விவசாயக் குடும்பங்களுக்கு இரட்டை நட்டம். பணமும் போகிறது, குழந்தையின் நாக்கு இனிப்புக்கே பழகிவிடுகிறது.

நாக்கு பழகும் பருவம்

பிறந்த குழந்தைக்கு இனிப்பு இயல்பாகவே பிடிக்கும். கசப்புக்கு முகம் சுளிக்கும். மற்ற சுவைகளைப் பழக்கித்தான் ஏற்கச் செய்ய வேண்டும். தாய் உண்ணும் உணவின் மணமும் சுவையும் தாய்ப்பாலில் கலந்து குழந்தையை எட்டுகின்றன. எனவே பாலூட்டும் தாய் கீரையும் காய்கறியும் தவறாது உண்ண வேண்டும்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பின் இணை உணவு அவசியம். இல்லையெனில் இரும்புச்சத்துக் குறைந்து சோகை ஏற்படும். தாய்ப்பாலை 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு

கல், மண் நீக்கிய கேழ்வரகைக் கழுவி, ஓர் இரவு ஊற வைக்கவும். நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்துச் சலிக்கவும். பூசணம் பிடித்தால் பயன்படுத்தக்கூடாது. 3 பங்கு மாவுடன் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு 1 பங்கு சேர்க்கலாம். முளைகட்டிய மாவில் காய்ச்சும் கூழ் அதிகம் கெட்டிப்படாது. ஆகவே சிறு வயிற்றுக்குள் கூடுதல் சத்து செல்லும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது.

ஊட்டும் முறை

முதலில் ஓரிரு தேக்கரண்டி போதும். அடுத்து மசித்த வாழைப்பழம், பூசணி, முருங்கைக்கீரை, பருப்பு, தயிர் என ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். புது உணவைத் துப்பினால் கைவிட வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். சில நாள் இடைவெளியில் 8 முதல் 10 தடவை கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு வயதுக்குள் உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம். மலைத்தேன் ஆனாலும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் வித்துக்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். காப்பியும் தேநீரும் உடலில் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். முழு நிலக்கடலை தொண்டையில் அடைக்கும்.

நாளொன்றுக்கு 30 கிராம் மாவு என்றாலும் மாதத்திற்கு ஒரு கிலோ ஆகாது. அறுவடையில் 10 கிலோ கேழ்வரகைக் குழந்தைக்கென ஒதுக்கி, கிணற்றடியில் ஒரு முருங்கையும் ஒரு பாத்திக் கீரையும் வளர்த்தால், ஓராண்டுக்கான இணை உணவின் பெரும்பகுதி வீட்டிலேயே கிடைத்துவிடும்.