கைத்தொலைபேசியும் கல்லூரி மாணவனும்

மாலைநேரத்திலே ரியூட்டரிக்குச் செல்லும் இக்காலத்து மாணவன் ஒருவனின் பையைத் திறந்து பார்ப்போமாயின், கொப்பிகளுக்கு முன்னர்க் கம்பிகளே வெளிவரும். சுருட்டிக் கட்டிய மின்னேற்றிக் கம்பி ஒன்று, காதிற் செருகிக் கேட்கும் கருவி ஒன்று, பெருவிரலளவான பென் ட்ரைவ் ஒன்று, செங்கட்டியிற் பாதியளவான பவர் பாங்க் ஒன்று. இவை யாவற்றுக்கும் நடுநாயகமாகக் கைத்தொலைபேசி.

இக்கருவியினாற் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று பெற்றோர் எம்மை அடிக்கடி வினவுவர். அவ்வினாவுக்கு விடை கூறுவோர் நாட்டிற் பலர் உளர். பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் அவ்விடையைக் கேட்டு வருகிறோம். அதனை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு வேறொரு கவலை உண்டு. உயர்தரப் பரீட்சையிலே எமது பாடத்துக்குக் கணிப்பான் அனுமதியில்லை. ஆதலால் மாணவர் நீண்ட கணக்குகளையும் கையாலேயே செய்து பழகியிருக்கிறார்கள். அழுத்தமானிக் கணக்கைச் சில நிமிடங்களிற் செய்து முடிக்கும் அம்மாணவன், தன் உள்ளங்கையிலே நாள் முழுவதும் கிடக்கும் மின்கலத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதையே வேதவாக்காகக் கொள்கிறான். பாடம் வேறு, போன் வேறு என்பது அவன் எண்ணம் போலும்.

பெற்றோர் கூட்டமொன்றிலே ஓர் அன்னையார் எம்மிடம் முறையிட்டார். மகன் நாளொன்றுக்கு இருமுறை போனுக்கு மின்னேற்றுகிறானாம். அதனால் மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டதாம். மறுநாள் அதனையே வகுப்பிற் கணக்காகக் கொடுத்தோம். போனின் பற்றரியில் 5000 மில்லியம்பியர் மணி என்று பொறிக்கப்பட்டிருக்கும். அஃதாவது 5 அம்பியர் மணி. அதன் அழுத்தம் ஏறக்குறைய 3.85 வோல்ற்று. இரண்டையும் பெருக்க 19 வாற்று மணி கிடைக்கும். மின்னேற்றியில் வெப்பமாகக் கழிவதையுஞ் சேர்த்து 25 என்றே வைத்துக்கொள்வோம். மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகு 1000 வாற்று மணி. ஆகவே ஓர் அலகைக் கொண்டு போனை நாற்பது முறை முழுமையாக நிரப்பலாம். மகன் நாளுக்கு இருமுறை ஏற்றினாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகே செலவாகும்.

வகுப்பு அத்துடன் நிற்கவில்லை. 1000 வாற்று மின்னழுத்தியைக் கால்மணி நேரம் சூடேற்றினால் 250 வாற்று மணி. அது பத்து முறை போனுக்கு மின்னேற்றுவதற்குச் சமம் என்று மாணவர் தாமே கண்டுபிடித்தனர். நம் மாணவன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அன்னையிடம் காட்டினான். “அப்ப இனி வெள்ளைச் சட்டையை அயன் பண்ணாமலே போட்டுக்கொண்டு போ” என்று அவர் சொன்னாராம். கணக்குச் சரியாயிருப்பினும் வழக்கில் அவன் தோற்றான்.

பவர் பாங்க் விடயத்திலோ மாணவரே வழக்காளிகள். 10,000 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. 5000 கொள்ளும் போனை அது இருமுறை நிரப்ப வேண்டாமா? நிரப்புவதில்லை, ஆகவே கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர்கள் கட்சி. போலிச் சரக்கு சந்தையில் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் நல்ல சரக்கும் இருமுறை நிரப்பாது. அந்தப் பத்தாயிரம் உள்ளேயிருக்கும் கலத்தின் 3.7 வோல்ற்றுக்கு உரியது; எனவே உள்ளேயுள்ள சக்தி 37 வாற்று மணி. அதனை 5 வோல்ற்றாக உயர்த்திக் கம்பி வழியாக அனுப்பி, போனுக்குள் மீண்டும் இறக்கிச் சேமிக்கும்போது ஒவ்வொரு படியிலும் சிறிது வெப்பமாகிக் கழியும். ஈற்றில் ஒன்றரை முறைக்குச் சற்றுக் குறைவாகவே நிரம்பும். பவர் பாங்க் ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை. இதனை விளக்கியபின், “அப்படியென்றால் சேர், பெட்டியில் 37 என்றல்லவா எழுதவேண்டும்?” என்றான் ஒருவன். உண்மையில் அநேகமானவற்றில் அந்த 37உம் எழுதப்பட்டிருக்கிறது. மிகச் சிறிய எழுத்தில், பின்புறத்திலே.

இவை பணத்தோடு போகும் காரியங்கள். உயிரோடு தொடர்புடையவையும் உண்டு.

நம் வீடுகளிலே உருண்டை முனைப் பிளக் பொயின்ற்றும் சதுர முனைப் பிளக் பொயின்ற்றும் கலந்திருப்பதை வாசகர்கள் அறிவர். போனுடன் வருவதோ பெரும்பாலும் இருமுனை மின்னேற்றி. சதுர முனைப் பொயின்ற்றிலே அது புகாது. மாணவன் என்ன செய்கிறான்? பேனையை எடுத்து மேலேயுள்ள துவாரத்திற் குத்துகிறான்; கீழ்த் துவாரங்கள் இரண்டும் திறந்துகொள்கின்றன; மின்னேற்றியைச் செருகிவிடுகிறான். இலங்கையில் இதனைச் செய்யாத வீடு உண்டோ என்பது ஐயம். ஏன் திறக்கிறது என்று கேட்டால் மாத்திரம் எவரும் வாய் திறவார்.

மேலேயுள்ளது புவித்தொடுப்புக்குரிய துவாரம். கீழ்த் துவாரங்களின் பின்னே தடுப்பொன்று இருக்கிறது. மும்முனைச் செருகியில் மேல்முனை மற்றையவற்றிலும் நீளமானது. அதுவே முதலிற் புகுந்து தடுப்பை விலக்கும். குழந்தைகள் ஆணியையோ கம்பியையோ கீழ்த் துவாரங்களில் நுழைத்துவிடலாகாது என்பதற்காகவே 1947ஆம் ஆண்டுப் பிரித்தானிய நியமத்தில் இவ்வொழுங்கு அமைந்தது. பேனை முனையாற் குத்தும்போது அந்தக் காவலை நாமே அகற்றிவிடுகிறோம். பேனை பிளாத்திக்கு, போகட்டும். கவராயத்தின் கூர்முனையை நுழைத்த ஒருவனையும் நாம் கண்டிருக்கிறோம். புவித்தொடுப்பு ஒழுங்காக இணைக்கப்படாத பழைய வீட்டிலே அத்துவாரத்தையும் நம்புதற்கில்லை. பொருந்தாத முனைகள் உள்ளே தளர்ந்து நின்று, பொறி பறந்து, பிளாத்திக்கு கருகுவதும் உண்டு. மும்முனை மாற்றி ஒன்று வாங்கினால் இவ்வளவும் தீரும்; அதன் விலை அதிகமன்று.

மற்றொன்று. மின்னேற்றும்போது போனின் உலோக விளிம்பைத் தொட்டால் விரலிலே ஒரு விறுவிறுப்பு உண்டாகும். சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்றால் அது நன்கு தெரியும். இதைப் பற்றி மாணவர் எம்மை வினவியபோது மகிழ்ச்சி கொண்டோம். போனைப் பற்றி அவர்கள் தாமாகக் கேட்ட முதற்கேள்வி அதுவே. மின்னேற்றியினுள்ளே 230 வோல்ற்றுப் பகுதியும் 5 வோல்ற்றுப் பகுதியும் நேரே தொடுவதில்லை. நடுவே சிறிய நிலைமாற்றி நிற்கிறது. ஆயினும் மின்னிரைச்சலை அடக்குவதற்காக இருபுறத்தையும் இணைத்து ஒரு சிறு கொள்ளளவி வைக்கப்படுவதுண்டு. அதன் வழியே ஒரு மில்லியம்பியரிலும் குறைந்த ஓட்டம் கசியும். அதுவே அந்த விறுவிறுப்பு. தரமான மின்னேற்றியிலே அக்கொள்ளளவி பழுதடைந்தாற் சுற்றைத் துண்டிக்கும் வகையிற் செய்யப்பட்டிருக்கும். நடைபாதையில் அகப்படும் மலிவுச் சரக்கில் அதற்குப் பதிலாக எதை வைத்திருப்பார்கள் என்று யார் கண்டார்? அது உள்ளே குறுக்கிட்டால் வீட்டு மின்சாரம் நேரே கைக்கு வரும். மின்னேற்றியுடன் இணைத்தபடியே போனைக் காதில் வைத்துப் பேசுவோருக்கு இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நாம் மாணவராயிருந்த காலத்து நிலைமை வேறு. 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. செய்தி கேட்கவேண்டுமாயின் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, மிதியைக் கையாற் சுற்றுவோம். டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அது தருவது ஆடலோட்டம். றேடியோ கேட்பதோ நேரோட்டம். ஆகவே இடையிலே இருவாயிகளை இணைக்கவேண்டும். அவற்றை எந்தப் பழைய பெட்டியிலிருந்து கழற்றலாம் என்பது சிறுவருக்கும் தெரிந்திருந்தது. சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். “சுத்தடா, சுத்து” என்று அப்பு உள்ளிருந்து அதட்டுவார். செத்துப்போன பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மேலும் சிறிதுநேரம் உயிர்ப்பிப்பதும் உண்டு.

இதனை வகுப்பிற் சொல்லும்போது அக்காலம் பொற்காலம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு ஏற்படாதவாறு பார்த்துக்கொள்கிறோம். அன்று எவரும் பௌதிகவியல் கற்பதற்காக டைனமோவைத் தொடவில்லை. ஷெல் எங்கே விழுந்தது என்று அறிவதற்காகவே தொட்டனர். அன்றியும் ஒரு நீதி கூறவேண்டும். எமது றேடியோவை ஒரு திருப்புளியாற் கழற்றலாம். 2000ஆம் ஆண்டளவில் வெளிவந்த நொக்கியா 3310இன் முதுகையும் விரலாலேயே திறந்து பற்றரியை எடுக்கலாம். இன்றைய போன்களோ பசையினால் ஒட்டப்பட்டவை. திறக்கமுடியாத பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று மாணவன் அறியவில்லையாயின் குற்றம் முழுவதையும் அவன் தலையிற் சுமத்தலாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய பற்றரிச் சட்டம், 2027 பெப்ரவரி 18 முதல் இத்தகைய கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே மாற்றக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்ற விதியைப் பொதுவாக வகுத்துள்ளது, விதிவிலக்குகளும் உண்டு. அச்சட்டத்தின் காற்று எமது கடைத்தெரு வரையில் எப்போது வீசுமோ!

நிற்க. இவ்விடயத்திலே நாம் இவ்வளவு அக்கறை கொள்வதற்கு ஒரு மாணவனே காரணம். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் எட்டாந் தரத்தில் இருந்தான். தகப்பனார் கடற்றொழிலாளி. போன்வழியே பாடம் என்று அறிவித்ததும் தாயார் காப்பை அடகு வைத்து ஒரு போன் வாங்கினார். பிள்ளைகள் மூவர், போன் ஒன்று. தமக்கையின் சாதாரணதரப் பாடம் நடக்கும் வேளையிலே இவன் பாடம் போய்விடும்; பின்னர் எவராவது அனுப்பும் படங்களைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது அதே போன்தான் அவ்வீட்டின் விளக்கும் ஆயிற்று. மின்சாரம் வந்த சிறுபொழுதிலே அவசரமாக ஏற்றி, ஏற்றும்போதே படித்து, தலையணைக்கடியிற் சூடேறக் கிடந்து அந்தப் போன் உழைத்தது.

அவன் உயர்தர வகுப்புக்கு வந்தபோதும் போன் அதுவே. ஒருநாள் அதன் திரை ஒருபுறமாக மேலெழும்பி நின்றது. அவன் அதற்குச் செய்த வைத்தியம், இரவிலே கனமான அகராதியை மேலே வைத்து அமுக்குவது! அதனை எம்மிடம் பெருமையுடனே சொன்னான். உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது என்றதும், “காற்றென்றால் சைக்கிள் ரியூப் மாதிரி ஊசியாற் குத்தி விடலாமா, சேர்?” என்றான். எமக்கு உடல் நடுங்கிற்று.

லிதியம் அயன் பற்றரி 1991இல் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய குட்இனஃப், விற்றிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். அதனுள்ளே நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மிக மெல்லிய சவ்வொன்றினாலேயே பிரிக்கப்பட்டிருக்கின்றன. இடையிலுள்ள திரவம் எளிதிலே தீப்பற்றக்கூடியது. வயதினாலும் வெப்பத்தினாலும் அத்திரவம் சிதைவுற்று வாயுவாகிறது, பற்றரி வீங்குகிறது. அமுக்கினாலோ குத்தினாலோ சவ்வு கிழியலாம். கிழிந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, சேமித்த சக்தி முழுவதும் ஒருங்கே வெப்பமாக வெளிப்பட்டு நெருப்பு மூளும். நாற்பது முறைக்கு ஓர் அலகு என்று முன்னே கண்ட அந்தச் சிறு சக்தி, ஒரு படுக்கையை எரிக்கப் போதுமானது. அவனுடைய அகராதி இருந்த மேசையின் அருகிலேதான் தம்பியின் பாய்.

போனை நிறுத்தி, மின்னேற்ற வேண்டாமென்று சொல்லி, அன்று மாலையே அவனைப் பட்டினத்துக் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். திருத்துபவர் பின்புறத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கி, உலோகம் படாமல் மெல்லிய பிளாத்திக்குத் தகட்டினால் அந்தப் பற்றரியைப் பெயர்த்தெடுத்தார். மாணவன் கண்ணிமையாது பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் சுட்டி அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லிச் சொல்லித் திருத்துபவர் களைத்துவிட்டார். புதிய பற்றரிக்குச் சில ஆயிரம் ரூபா ஆயிற்று. காப்பு மீட்கும் பணத்திலிருந்து தாயார் தந்தனுப்பியிருந்தார்.

வீங்கிய பற்றரியைக் கடைக்காரர் சாதாரணக் குப்பைக் கூடையிலே போட முயன்றார். நாம் அதனைக் கேட்டு வாங்கிவந்தோம். அது இப்பொழுது ஆய்வுகூடத்துக்கு வெளியே, வெயில் படாத மூலையில், மணல் நிரப்பிய பிஸ்கற் தகரத்தினுள்ளே கிடக்கிறது. இலத்திரனியற் கழிவு சேகரிப்போர் வரும்போது ஒப்படைப்பதாக உத்தேசம். தகரத்தின்மேல் “தொடாதே, குத்தாதே” என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவன் அம்மாணவனே.