பழைய தோற்பையில் வியாபாரம்: பூஞ்சணம் கற்றுத்தந்த பாடம்



பதுளையில் கடை வைத்திருப்பவருக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்புப் பக்கம் மே, ஜூன் மாதங்களில் மழை என்றால், நமது ஊவாவுக்கு மழை வருவது வருடக் கடைசியில்தான். அந்த நாட்களில் அலுமாரியைத் திறந்தால் சப்பாத்து, இடுப்புப் பட்டி, கைப்பை எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சணம். பலர் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு வீசிவிடுவார்கள். வீசப்படும் அந்தப் பொருளில் ஒரு சிறு வியாபாரம் இருக்கிறது என்பதையும், அந்த வியாபாரத்தில் நான் பட்ட நஷ்டத்தையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது நினைவிருக்கும். புதிய தோற்பை வாங்கப் பலரால் முடியாமல் போனது. அதன் பின்னர்தான் பாவித்த பைகளை, அதுவும் பழைய காலத்து அசல் தோற்பைகளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆசிரியைமார், வங்கியில் வேலை செய்பவர்கள், எல்ல பக்கம் வரும் வெளிநாட்டுப் பயணிகள் எனப் பல தரப்பினர் கேட்கிறார்கள்.

பொருள் இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, வெளிநாட்டிலிருந்து பொதியாக வரும் பாவித்த சாமான். மற்றது நமது மலைநாட்டிலேயே கிடப்பது. பதுளைக்கு ரெயில் வந்தது 1924இல். அந்தக் காலத்திலிருந்து தோட்டத்துரைமாரும் அவர்களது குடும்பத்தாரும் கொண்டுவந்த தோற்பெட்டிகளும் பைகளும் ஏராளம். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு பல பங்களாச் சாமான்கள் கைமாறின. ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்து வீடுகளில் இன்றும் ஒன்றிரண்டு அகப்படும்.

நான் செய்த பிழை

ஒருமுறை இப்படிப் பத்துப் பைகளை மொத்தமாக வாங்கினேன். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். நிறம் மங்கிய இடங்களில் சப்பாத்துப் பொலிஷ் பூசி, வெயிலில் காயவைத்துக் கடையில் தொங்கவிட்டேன். பார்வைக்குப் புதுப் பை போலவே இருந்தது.

தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் அதில் ஒன்றை வாங்கிப்போனார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். வெள்ளைச் சேலையின் இடுப்புப் பக்கம் முழுவதும் மண்ணிறக் கறை. பையைத் திறந்தால் கெட்ட எண்ணெய் வாடை. "நானா, இது பழைய பை என்று தெரிந்துதான் வாங்கினேன். பொலிஷ் பூசியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், சேலைக்கும் கொடுத்தேன். அவர் சொன்ன வார்த்தைக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. குறையை மறைத்து விற்கக்கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பொலிஷும் ஒரு மறைப்புத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் தோலைப் படியுங்கள்

அதன் பிறகு தோல் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றேன். பழைய பைகளில் பெரும்பாலும் இரண்டு வகைத் தோல் உண்டு. ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இங்கிலாந்து வரை பேர்பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. மற்றது குரோமியம் உப்பில் பதனிட்டது; இந்த முறை 1900களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்வரை மண்ணிறமாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் பெரும்பாலும் தெரியும். பட்டைத் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும், ஆகவே அதில் அதிக கவனம் வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அது தோலே அல்ல, துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியது. நமது ஈரக் காற்றில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்ததை எவராலும் திருத்த முடியாது. வாங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். அதேபோல, மிகப் பழைய பட்டைத் தோல் சில செங்கல் தூள்போல் கையில் ஒட்டும். அந்த நோய்க்கும் மருந்தில்லை, எண்ணெய் போட்டால் இன்னும் மோசமாகும்.

நமக்கு இன்னொரு கவனமும் தேவை. வெளிநாட்டுப் பைகள் சிலவற்றில், குறிப்பாக உள்பக்கத் தோலில், பன்றித் தோல் இருக்கலாம். அதில் மயிர்த்துவாரங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து முக்கோணமாகத் தெரியும். பன்றி, நாய் இரண்டின் தோலும் பதனிட்டாலும் சுத்தமாகாது என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மேல்பூச்சு உள்ள பையில் துவாரம் தெரியாமலும் போகலாம். சந்தேகமானதை வாங்காமல் விடுவதே நிம்மதி. மேலதிக விளக்கம் வேண்டுவோர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துப்பரவு செய்யும் முறை

முதலாவது, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் அல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு வெளியே வந்து படிவதும் உண்டு. தலைமயிர் உலர்த்தும் கருவியால் தூரத்தில் பிடித்து மெல்லச் சூடு காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும், பூஞ்சணம் மறையாது.

இரண்டாவது, பூஞ்சணம் என்றால் பையைக் கடைக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் உலர்வாகத் தட்டிவிடுங்கள். கடைக்குள் தட்டினால் அடுத்த பைக்கும் தொற்றும். ஈரத்துணியால் முதலில் துடைத்தால் அது தோலுக்குள் தேய்ந்து இறங்கும். நான் செய்ததும் இதுதான்.

மூன்றாவது, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியில் சிறிது நனைத்து, அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் மெல்லத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் தோலை வெடிக்க வைக்கும்.

நான்காவது, அழுக்கு எடுக்க உடுப்புக் கழுவும் சவர்க்காரம் கூடாது. தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உள்ளது, சவர்க்காரம் அதற்கு நேர் எதிர். தோலுக்கென்றே விற்கும் மென்மையான திரவத்தின் நுரையை மட்டும் பாவியுங்கள். பேனை மையைத் தேய்க்கப் போகாதீர்கள், அது பரவும். அந்தக் கறையை அப்படியே விட்டு விலையைக் குறையுங்கள்.

ஐந்தாவது, நன்றாகக் காய்ந்த பிறகு தோல் கிறீமை மிக மெல்லிதாக ஒருமுறை பூசி, ஒரு நாள் விட்டு, துணியால் துடையுங்கள். கூடப் பூசினால் அதுவே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. சமையலுக்கான எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளடைவில் கெட்டு நாறும்.

பித்தளைக் கொளுக்கியில் பச்சை படிந்திருந்தால் பல்லுக்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். பித்தளைப் பொலிஷ் போடுவதானால் கீழே ஒரு மட்டையை வையுங்கள், தோலில் பட்டால் கறை போகாது. வாடை போக, அப்பச்சோடாவை மெல்லிய துணியில் முடிந்து பைக்குள் வைத்து, பெட்டியில் சில நாள் மூடிவிடுங்கள். விட்டுப்போன தையலைப் பழைய துளைகளிலேயே மெழுகு நூலால் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் அந்த வரிசையிலேயே தோல் கிழியும்.

காயவைக்கும் வேலையை ஜூன் முதல் செப்டம்பர் வரையான உலர் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் வளரும். ஹப்புத்தளை மூடுபனியில் அது நாட்கணக்காக நிற்கும். மழைக்காலத்தில் பைகளைப் பொலித்தீனில் கட்டாதீர்கள். அச்சில்லாத வெள்ளைக் கடதாசியை உள்ளே திணித்து, துணிப் பையில் போட்டு, சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். வாரத்துக்கொரு முறை அலுமாரியைத் திறந்துவிடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்குப் பத்துப் பை 15,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பை ஒன்று 1,500 என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் மூன்று உரிந்த பிளாஸ்டிக், இரண்டு திருத்த முடியாதவை என்றால் மிஞ்சுவது ஐந்து. கிறீம், அல்ககோல், நூல் 2,500, தைப்பவருக்கு 3,500. மொத்தம் 21,000. ஆகவே பை ஒன்று 4,200, நமது உழைப்பு இன்னும் சேரவில்லை. வாங்கிய எண்ணிக்கையால் பிரிக்காமல், விற்கக்கூடியதாக மிஞ்சிய எண்ணிக்கையால் பிரியுங்கள். எனது முதல் நஷ்டத்தின் பாதி இந்தக் கணக்குப் பிழையால் வந்தது.

பெரிய கம்பனிப் பெயர் ஒட்டிய போலிகளும் பொதியில் வரும். பதிவுசெய்த வர்த்தகக் குறியைப் போலியாக்கிய பொருளை விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். அசல் என்று உறுதியில்லாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லி விலை கேட்காதீர்கள்.

இப்போது எனது கடையில் ஒவ்வொரு பையிலும் சிறு அட்டை தொங்குகிறது. என்ன தோல், எங்கே தைத்தோம், எந்தக் கறை போகவில்லை என்று எழுதியிருப்பேன். ஆரம்பத்தில் பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார், குறையை எழுதித் தொங்கவிட்டு வியாபாரம் செய்கிறான் என்று. ஆனால் அட்டையை வாசித்தவர்கள் விலை பேசுவது குறைந்தது, பையைத் திருப்பிக் கொண்டுவருவதும் நின்றது. சென்ற வருடம் அந்த ஆசிரியையே வந்தார். அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தங்கைக்கென்று ஒரு பை வாங்கிப்போனார்.

தொடங்க விரும்பும் சகோதரர்கள் பத்து வாங்க வேண்டாம். இரண்டு வாங்குங்கள், உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள். ஜனவரியிலும் பூஞ்சணம் இல்லாமல் இருந்தால் பிறகு கடையில் தொங்கவிடலாம், இன்ஷா அல்லாஹ்.