மீண்டும் படிக்கலாமா? - ஒரு வரவு செலவுக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, முதுகலைப் பொருளியல்)

கல்விக்கு வயது இல்லை என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 39 வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக, தையல் தொழிலில் பாதியை விட்டுவிட்டு இக்கல்லூரியில் படிக்கும் நான் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். கல்விக்கு வயது இல்லை, விலை உண்டு. அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும்.

சென்ற ஆடி மாதம் எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, நானும் உங்கள மாதிரி வேலைய விட்டுட்டுப் படிக்கலாம்னு இருக்கேன். செய்யட்டுமா?" என்று கேட்டாள். "செய்" என்று சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறு, கணக்குப் போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்கே இக்கட்டுரை.

வள்ளுவரும் ஆடம் ஸ்மித்தும்

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் 'கல்வி'. 47ஆம் அதிகாரம் 'தெரிந்து செயல்வகை'. முன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுவர்; பின்னதைப் பலர் மறந்துவிடுவர். ஒரு காரியத்தில் இறங்குமுன் அதனால் போவது எது, வருவது எது, பின்னால் நிற்கும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ணுமாறு அதன் முதற் குறளே கூறுகிறது. வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் காரியத்தை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது.

பொருளியலும் இதையே கூறுகிறது. 1776ஆம் ஆண்டு வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் ஆடம் ஸ்மித், நெடுங்காலம் செலவிட்டுத் தொழில் கற்றவனை விலையுயர்ந்த எந்திரத்துக்கு ஒப்பிட்டார். எந்திரத்தில் போட்ட பணம் அது தேய்வதற்குள் இலாபத்தோடு திரும்ப வேண்டும். கல்வியில் போட்ட பணம் உழைக்கும் காலம் முடிவதற்குள் திரும்ப வேண்டும். 1964இல் 'மனித மூலதனம்' என்ற நூலை எழுதிய கேரி பெக்கர் இக்கருத்தை விரிவாக வளர்த்தார். 1992இல் நோபல் பரிசும் பெற்றார். இனி என் கணக்குக்கு வருகிறேன்.

செலவுப் பக்கம்

படிப்புச் செலவு என்றதும் நம் நினைவுக்கு வருவது கட்டணம். அரசுக் கல்லூரியில் அது சிறியது. கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், நகல் எடுக்கும் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுகளுக்கு எனக்கு 14,000 ரூபாய். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பயணச் செலவு இல்லை.

பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. படிக்காமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் என்ன சம்பாதித்திருப்போமோ அதுவே அது. பொருளியலார் இதனை 'வாய்ப்புச் செலவு' என்பர். தையலில் எனக்கு மாதம் 9,000 ரூபாய் வந்தது. இப்போது 4,500 வருகிறது. மாதம் 4,500 வீதம் 24 மாதங்களுக்கு 1,08,000 ரூபாய் இழப்பு.

வீட்டுச் செலவில் விழுந்த துண்டை அடைக்கச் சங்கிலியை 40,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். நூற்றுக்கு ஆண்டு வட்டி 12 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு 9,600. அசலைக் கணக்கில் சேர்க்கவில்லை. இழந்த வருமானத்தை ஈடுகட்டவே அது போயிற்று. ஒரே இழப்பை இருமுறை எண்ணலாகாது.

ஆக மொத்தம் 1,31,600 ரூபாய். கட்டணத்தை மட்டும் எண்ணியிருந்தால் 14,000 என்று ஏமாந்திருப்பேன்.

வரவுப் பக்கம்

படிப்பு முடிந்து 12,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை கிடைப்பதாகக் கொள்வோம். தையலைவிட மாதம் 3,000 அதிகம். 1,31,600ஐ 3,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44 மாதங்கள். 40 வயதில் படிப்பை முடிக்கும் நான் 44 வயதுக்குள் போட்டதை எடுத்துவிடலாம். அதன்பின் வருவது ஆதாயம்.

இதே கணக்கை 55 வயதில் படிக்கத் தொடங்குபவருக்குப் போட்டால், அவர் 57இல் முடித்து, போட்டதை எடுக்கும்போது 60 கடந்திருக்கும். தமிழக அரசுப் பணியிலேயே 2021 முதல் ஓய்வு வயது 60. ஆகவே பணத்தைக் கருதினால் அவருக்கு அது நட்டம்.

'கிடைப்பதாகக் கொள்வோம்' என்றேனே, அந்தச் சொல்லிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. வேலை கிடைப்பது பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், 3,000 ரூபாயை 1,500 என்றே மதிக்க வேண்டும். அப்போது 44 மாதங்கள் 88 மாதங்களாகும். எனக்கு 47 வயது முடிந்துவிடும். இதையும் தாங்க முடியும் என்று கண்ட பிறகே சேர்ந்தேன். அரசு வேலையை எண்ணிப் படிப்பவர்கள், அந்தந்தப் பணிக்குரிய வயது வரம்பை அறிவிக்கையில் பார்த்துவிட்டே வரவுப் பக்கத்தை எழுத வேண்டும்.

சான்றிதழின் வரிசை

நான் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவள். மீண்டும் படிக்க எண்ணியபோது, "பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலே திறந்தநிலை முறையில் பட்டம் வாங்கலாம்" என்றார் ஒருவர். சேரவும் இருந்தேன். விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றில் முறையே தேறிய பின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்று 2009இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்திருப்பதை எடுத்துச் சொன்னார். 32ஆம் வயதில் தனித்தேர்வராக அந்த ஒரு பாடத்தை எழுதித் தேறினேன். பிறகே தொலைநிலைக் கல்வியில் இளங்கலை படித்தேன். அவர் சொல் இல்லாவிடில் மூன்று ஆண்டு உழைப்பு எண்ணிய பயனைத் தராமல் போயிருக்கும். தொலைநிலையில் சேர்பவர்கள், அப்பாடப்பிரிவுக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்வது நலம்.

யார் செலவு?

என் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் என் மூத்த மகள். முதற்பருவத் தேர்வின்போது மாலைச் சமையலையும் தம்பியையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்தக் காலாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் குறைந்தது. நான் அதட்டினேன். "நீ படிக்கிற நேரமெல்லாம் என் நேரம்தாம்மா" என்றாள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் படிக்கிறேன், விலையை அவள் கொடுக்கிறாள். இதை எந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை. மறுநாள் வீட்டில் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். மாலைச் சமையலை அவள் அப்பா ஏற்றுக்கொண்டார். இரவு எட்டு மணிக்குமேல் தையல் இல்லை. அது மகளும் நானும் சேர்ந்து படிக்கும் நேரம். என் வருமானம் இன்னும் சிறிது குறைந்தது. ஆனால் கணக்கு நேராயிற்று.

எண்ணில் அடங்காதவை

கேரளத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல், தமது 96ஆம் வயதில், அம்மாநில எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. அவரிடம் போய் எத்தனை மாதத்தில் போட்டதை எடுப்பீர்கள் என்று கேட்பது அறிவீனம். வங்கிப் படிவத்தை நானே படித்துக் கையெழுத்திடும்போது எனக்கு வரும் நிமிர்வுக்கும் விலை போட இயலாது. இவற்றைத் தனித்தாளில் எழுதிப் போற்றுக. ஆனால் பணக்கணக்கில் விழுந்த ஓட்டையை மறைக்க இவற்றைப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

என்னிடம் கேட்ட பெண்ணுக்கு என்ன சொன்னேன்? அவள் பள்ளிச் சீருடை தைத்து மாதம் 16,000 சம்பாதிக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பட்டம் பெறவே பல ஆண்டுகள் ஆகும். பெற்று 12,000 ரூபாய் வேலைக்குப் போனால் மாதம் 4,000 நட்டம். இதைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. "அப்ப எனக்குப் படிப்பே வேணாங்கிறீங்களா அக்கா?" என்றாள். "மிஷினை நிறுத்த வேணாங்கிறேன். பத்தாவது எழுது" என்றேன். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத அவளுக்கு ஆகும் விலை மாலையில் ஒரு மணி நேரம். இப்போது எங்கள் வீட்டு எட்டு மணி வகுப்பில் அவளும் ஒருத்தி.

நண்பர்களே, உங்கள் வீட்டில் அம்மாவோ அண்ணனோ மீண்டும் படிக்க விரும்பினால், கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்து, அவர்களோடு உட்கார்ந்து கணக்கெழுதுங்கள். செலவுப் பக்கத்தில் உங்களால் ஏற்கக்கூடியது ஏதேனும் இருந்தால், அதன் எதிரே உங்கள் பெயரை எழுதுங்கள்.