நடுக்கடலில் டீசல் ஊற்றும் 'சக்தி'

பாகூர் வயலில் இறங்கிய அறுவடை இயந்திரம் டீசல் தீர்ந்தால் பெட்ரோல் பங்க்குக்குப் போவதில்லை. கேனில் டீசல் வயலுக்கே வந்துவிடும். போய்வரும் நேரத்தில் அரைக் காணி அறுத்துவிடலாமே என்ற கணக்கு. இந்தியக் கடற்படையும் இதே கணக்கைத்தான் போடுகிறது. அங்கே கேனின் நீளம் 175 மீட்டர். அது ஒரு எண்ணெய்க் கப்பல்; பெயர் ஐஎன்எஸ் சக்தி.

எரிபொருள் கவலை கடலுக்குப் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன், நிலக்கரியில் ஓடியது. அருகில் எங்கும் அதற்குக் கரி தர நட்புத் துறைமுகம் இல்லை. 'மார்கோமானியா' என்ற கரிக்கப்பலைத் துணைக்கு வைத்துக்கொண்டது. பிடித்த கப்பல்களின் கரியையும் அள்ளிக்கொண்டது. கெட்டிக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பாதி கரி தேடுவதில் இருந்தது. ஆனால் கரி ஏற்ற இரு கப்பல்களும் நிற்க வேண்டும். நிற்கும் கப்பல் எதிரிக்கு எளிய இலக்கு.

சக்தி நிற்காமலே ஊற்றும். எண்ணெய் வாங்கும் கப்பல் பக்கவாட்டில் சில பத்து மீட்டர் தள்ளி அதே வேகத்தில் ஓடும். முதலில் மெல்லிய கயிற்றைத் துப்பாக்கியால் எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு, அதன்பின் இரும்பு வடம், கடைசியில் வடத்தில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய். மணிக்கு 1,500 டன் வரை பாயும். அதாவது வில்லியனூர் வழியே போகும் 20,000 லிட்டர் டேங்கர் லாரிகள் சுமார் 90 கொள்ளும் அளவு. ஒரே நேரத்தில் நான்கு கப்பல்களுக்குக் கொடுக்கலாம். இரு கப்பல்களுக்கு நடுவே பாயும் நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். அதனால் சுக்கான் பிடிப்பவர் கண் அசரக் கூடாது.

இந்தப் பெயரில் இது இரண்டாவது கப்பல். ஜெர்மனியில் கட்டிய பழைய சக்தி 1976 முதல் 2007 வரை உழைத்தது. 27,500 டன் எடையுள்ள இன்றைய சக்தியை இத்தாலியின் ஃபின்காந்தியேரி நிறுவனம் கட்டியது. 2011 அக்டோபர் 1 அன்று திரியெஸ்தே நகரில் பணியில் சேர்ந்தது. இருப்பிடம் விசாகப்பட்டினம்; வங்கக்கடலைக் காக்கும் கிழக்குப் படைப்பிரிவோடு போகும். 2012இல் ராணா, ஷிவாலிக், கார்முக் கப்பல்களுடன் ஜப்பான்வரை சென்று, இரு நாடுகளின் முதல் கூட்டுக் கடற்பயிற்சியில் கலந்துகொண்டது. 2019 மே மாதம் ஐஎன்எஸ் கொல்கத்தாவுடன் தென்சீனக் கடலில் அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் கப்பல்களோடு அணிவகுத்தது.

சக்தி, தீபக், ஜோதி, ஆதித்யா என இத்தகைய பெரிய கப்பல்கள் நான்குதான். காக்க வேண்டியது இரண்டு கடல். ஒன்று பழுதுபார்க்கப் போனாலும் கை கட்டிப்போகும். அதனால்தான் தலா 44,000 டன்னில் ஐந்து புதிய கப்பல்களுக்கு 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் தளத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். கேன் வராத வயலில் எவ்வளவு பெரிய இயந்திரமும் வரப்போரம் நிற்கத்தானே வேண்டும்!